தண்ணீர்த் தொட்டியைக் கலங்கரை விளக்கம் என்றாய்

உன் தம்பி மகன் நேற்று ஒரு துணிப்பையோடு வந்தான். உன் காரை இனிமேல் அவனே வைத்துக்கொள்ளப் போகிறானாம். டிக்கியைச் சுத்தம் செய்தபோது கிடைத்தவை என்று பையை நீட்டினான். "தூக்கிப் போட மனசு வரல ஆன்ட்டி, உங்களுக்கு ஒருவேளை..." என்று நிறுத்திக்கொண்டான். பாதி வாக்கியத்தில் நிற்பது உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். அவனை உட்கார வைத்து, மோர் கொடுத்து அனுப்பிய பிறகுதான் பையைத் திறந்தேன். பிளாஸ்க் இல்லாத ஒரு பிளாஸ்க் மூடி, வெளுத்துப்போன மஞ்சள் துண்டு, கார் ஓட்டுவதற்கென்றே நீ வைத்திருந்த நீல ரப்பர் செருப்பு.

செருப்பை யாராவது இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்களா? வேறு யாருடையதாக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். வெயிலில் வெந்த ரப்பர் வாசனையும், அதற்கு அடியில் கடற்கரையின் உப்பு ஈரமும் அதிலிருந்து வந்தன. வலது செருப்பின் குதிகால் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கவிழ்த்தபோது கூடத் தரையில் மணல் கொட்டியது. துடைப்பத்தை எடுக்காமல் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றால் நீ நம்பமாட்டாய். நின்றேன்.

நம் கான்வென்ட்டில் நீ ஹாஸ்டல் பெண். நான் மயிலாப்பூரிலிருந்து நடந்து வருபவள். கரும்பலகை உன் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போடச் சொல்லிவிடுவார்கள் என்று சிஸ்டரிடம் சொல்லவும் மாட்டாய். பலகையில் இருப்பதை நான் உதடு அசையாமல் படிப்பேன், நீ எழுதிக்கொள்வாய். எனக்கு ஒரு புள்ளி தவறினாலும் முழங்கையால் இடிப்பாய். கடைசியில் கணக்கில் என்னைவிட நீதான் அதிகம் வாங்குவாய். அதை நான் இன்றுவரை சரியென்று ஒப்புக்கொண்டதில்லை.

தி.நகரில் பாங்க் வேலை கிடைத்து நீ முதல் காரை வாங்கியபோது, நம் வகுப்புப் பெண்களில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களே சிலர்தான். கல்யாணம் வேண்டாம் என்றாய். கார் வேண்டும் என்றாய். பல வருஷம் கழித்து, என் கணவரின் காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன மறுநாள் காலை, எங்கள் தெரு அதிரும்படி ஹாரன் அடித்தாய்.

"சரோ, ஏறு."

"எங்கே?"

"கேட்டா வரமாட்டே. ஏறுடி."

அன்று கோவளம் வரை போய்த் திரும்பினோம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, ஆலம்பரையின் இடிந்த மதில், மரக்காணம் உப்பளம், புதுச்சேரி. சாப்பாடு என் பொறுப்பு, சாலை உன் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டதில்லை. அதனால்தான் அந்தத் தை மாதத்தில், பொங்கல் முடிந்த வாரத்தில், எனக்கு எதுவும் உடனே உறைக்கவில்லை.

அந்த முறை நாகப்பட்டினத்துக்கும் தெற்கே போக வேண்டும் என்றாய். உன் அப்பா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கரையில், விளக்கின் காலடியில் இருந்த குவார்ட்டர்ஸில்தான் நீ பிறந்தாய். எத்தனையோ பயணங்களில் புதுச்சேரியோடு திரும்பியவள், அந்த வருஷம் மட்டும் அங்கே போயே ஆக வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடித்தாய் என்று நான் கேட்டிருக்கலாம். வயதானால் பிறந்த இடத்து ஞாபகம் வரும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

திருவான்மியூர் சிக்னலில் பச்சை விழுந்தும் நீ நகரவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. "பொறுமையே இல்லாத ஜனம்" என்றாய். அதைத் தாண்டியதும் ஒரு புதுச்சேரி பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டாய். பஸ்ஸை முந்தாமல் நீ போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது நின்ற இடத்தில் எல்லாம் நாமும் நின்றோம். "அவன் வழி தெரிஞ்சவன், போகட்டும்" என்றாய். பிறகு, "போர்டெல்லாம் படியேன் சரோ, உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரிசார்ட், இறால் வறுவல், மனை விற்பனை, எல்லாவற்றையும் திருத்தமான உச்சரிப்பில் படித்தேன்; எழுத்துப் பிழைகளைத் தனியாகக் கண்டித்தேன். முட்டுக்காடு பாலத்தில் உப்பங்கழி வெள்ளித் தகடாகக் கிடந்தது. நீ திரும்பிப் பார்க்கவில்லை.

மாமல்லபுரம் நெருங்கும்போது உன் முகம் மலர்ந்தது. "அதோ, வந்துட்டான் பாரு! பெயின்ட் புதுசா அடிச்சிருக்கான் போல. எவ்வளவு கம்பீரமா நிக்கிறான்!"

நான் பார்த்தேன். தூண்களின் மேல் நின்ற ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதில் சிமென்ட் விளம்பரம் எழுதியிருந்தது. உண்மையான விளக்கு இன்னும் தள்ளி, பாறைக் குன்றின் மேல் இருந்தது.

விளையாடுகிறாய் என்று சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எந்த விளக்கையும் 'அவன்' என்றுதான் சொல்வாய். உன் அப்பா கற்றுக்கொடுத்த மரியாதை அது. இரவில் வெளிச்சம் சுற்றும் விதமும், பகலில் உருவமும் நிறமும்தான் ஒரு விளக்குக்கு முகம், முகம் மாறினால் படகு பாறையில் மோதும் என்று அவர் சொன்னதாக எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். ஊர் முழுக்க யார் தவறாகச் சொன்னாலும் நீ சொல்லமாட்டாய். என் கை தானாகக் கதவின் பிடியைப் பற்றியது. கால் தரையை அழுத்தியது. அங்கே எனக்கு பிரேக் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"வண்டியை ஓரமா நிறுத்து."

"என்னடி, இப்பத்தானே..."

"நிறுத்து."

இளநீர்க் கடை ஒன்றின் நிழலில் நின்றோம். என் கைவிரல்களை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். எத்தனை என்று கேட்கவில்லை. நம் வயதில் அப்படிக் கேட்பது அவமானம். நீயே சொன்னாய். "கையை எடு சரோ. தெரியல. நடுவுல கருப்பா ஒரு வட்டம். உன்னை நேரா பார்த்தா உன் மூஞ்சி இல்ல. காதுதான் இருக்கு. தோடு தெரியுது."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஓட்டக் கூடாதுன்னார். போன கார்த்திகையில."

இளநீர்க்காரர் வெட்டிக் கொடுத்த காயை நான் வாங்கிக்கொண்டது நினைவிருக்கிறது, குடித்தது நினைவில்லை. சென்னைக்கு போன் செய்து ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரவழைப்போம் என்றேன். வேறு ஒருவன் ஓட்டி, பார்சல் மாதிரி அப்பாவின் விளக்கடியில் போய் இறங்கமாட்டேன் என்றாய். சாவியைக் கேட்டேன். "அப்பா விளக்கு வரைக்கும். அப்புறம் நீயே எடுத்து சமுத்திரத்துல வீசிடு" என்று சொல்லி நீ ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டாய். நான் இறங்கி நின்றிருந்தால் நீ தனியாகவே போயிருப்பாய். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஏறினேன்.

கரும்பலகை மறுபடி வந்தது. இந்த முறை பலகை ஓடிக்கொண்டிருந்தது.

"இடது பக்கத்தில், பால் கேன்களை வைத்துக்கொண்டு, ஒருவர் மோட்டார் சைக்கிளில்..."

"வாக்கியம் முடியறதுக்குள்ள அவன் செத்துடுவான் சரோ! சுருக்கமா சொல்லு!"

"பைக். இடது. மாடு. மெதுவா. மெதுவான்னா! பள்ளம். லாரி வர்றது, ஒதுங்கு, ஒதுங்கு."

என் வாழ்க்கையில் எழுவாயும் பயனிலையும் இல்லாமல் நான் அவ்வளவு பேசியதில்லை. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வந்து வந்து மறைந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. வேகத்தடைகளையும் ஆடுகளையும் எதிரே வரும் பஸ்களின் கண்ணாடியையும் பார்த்தேன். யாரையாவது கொன்றுவிடுவோம் என்ற எண்ணம் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு முன்னால் போய் நின்றது. நாம் சாவது பெரிதாகத் தோன்றவில்லை, வாழ்ந்து முடித்தவர்கள். சாலையில் நடந்தவர்கள் எவரும் அப்படி இல்லை.

சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்று முன்னால், நின்றிருந்த ஒரு மினி லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தாள். தலையில் கூடை, கையில் தராசு. என் வாயில் சொல் வரவில்லை. ஸ்டீயரிங்கை என் பக்கம் இழுத்தேன். நீ மிதித்தாய். வண்டி மண்ணில் இறங்கிக் கோணலாக நின்றது. கூடையிலிருந்து சங்கரா மீன்கள் தார்ச்சாலையில் சிதறின. வண்டி அவள்மேல் படவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள்.

"யம்மா! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று பிடரியில் தட்டிக்காட்டி, ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கத்தினாள். "சாவுறதுக்கு என் கூடைதான் கெட்ச்சுதா ஒனுக்கு?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"பொடனியிலயும் இல்லம்மா" என்றாய்.

உன் குரலில் கேலி இல்லை. வீட்டு மனிதர்களிடம் மாதக்கணக்காக மறைத்ததை, முகம்கூடத் தெரியாத ஒருத்தியிடம் சொன்னாய். அவள் வசவை நிறுத்திவிட்டு உன் கண்ணைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது கண்ணு தெரியாத கேசா? நீ இன்னாத்துக்கும்மா பக்கத்துல குந்திக்கினு கீற?" என்று என்னைத் திட்டினாள். நியாயமான கேள்வி. நான் இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, அவளோடு சேர்ந்து மீன்களைப் பொறுக்கினேன்.

கூடையை மறுபடி தலைக்கு ஏற்றுமுன் அவளாகவே சொன்னாள். "எங்க மச்சான் வேன் ஓட்டுறாரு. சும்மாத்தான் படுத்துக்கினு கெடப்பாரு. கூப்டவா?"

கூப்பிடு என்றேன். உன்னைக் கேட்கவில்லை.

ஏழுமலை என்று பெயர். ஆறடி உயரம். லுங்கியை மாற்றிக்கொண்டு பேண்ட்டில் வந்து, உன் கதவுக்கு வெளியே கைகட்டி நின்றார். நீ ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாய். "அம்மா, கொஞ்சம் எறங்கினீங்கன்னா..." என்றார். நீ அசையவில்லை. வெயில் ஏறியது. மீன்காரம்மா சாலையின் மறுபக்கம் போய்விட்டாள். வண்டியை அங்கிருந்தே திருப்பிவிடுவாயோ என்று பயந்தேன். கிளப்பிக்கொண்டு முன்னே போய்விடுவாயோ என்று அதைவிடப் பயந்தேன். ஜன்னலில் குனிந்து கேட்டேன்: "உனக்கு அங்கே போகணுமா, ஓட்டணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு."

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து இறங்கினாய். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாய். "சீட்டை மட்டும் பின்னால தள்ளக் கூடாது. எனக்கு ஏத்த மாதிரி வச்சிருக்கேன்" என்று ஏழுமலையிடம் கண்டிப்பாகச் சொன்னாய்.

பாவம் அந்த மனிதர். உன் உயரத்துக்கு இழுத்து வைத்த சீட்டில் மடங்கி உட்கார்ந்தார். "முட்டி மூக்குல இடிக்குதும்மா" என்றார். "மூக்கை உள்ள இழுத்துக்கோ" என்றாய். எனக்கு அப்போது வந்த சிரிப்பு அழுகை மாதிரி இருந்தது. நீ முன்சீட்டில், நான் பின்னால். நீ அதுவரை உட்காராத இடத்தில் உட்கார்ந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மடியில் கைகளை வைத்துக்கொண்டிருந்தாய்.

"சரோ, என்ன தெரியறது?" என்றாய் கொஞ்ச தூரம் போனதும்.

"மாடு. வலது."

"இப்ப அவசரமில்லடி. முழு வாக்கியமா சொல்லு."

சொன்னேன். ஆலம்பரையில் கோட்டை மதிலின் செங்கற்கள் உதிர்ந்து, அதன் நிழலில் ஒரு கிழவர் வலை பின்னிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். மரக்காணத்தில் உப்புக் குவியல்கள்மேல் கீற்று வேய்ந்திருந்ததையும், பாத்திகளில் வானம் துண்டு துண்டாகக் கிடந்ததையும் சொன்னேன். நீ முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தாய். உப்பளம் முடிகிற இடத்தில், யாரும் எதுவும் கேட்காதபோது, "தள்ளிக்கோப்பா" என்றாய். ஏழுமலை என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "சீட்டைத்தான் சொல்றேன், தள்ளிக்கோ." சீட்டுக்கு அடியில் கம்பி 'கடக்' என்று விலகும் சத்தம் கேட்டது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். புதுச்சேரி வரும்வரை நான் எதையும் வர்ணிக்கவில்லை.

இரவு அங்கே தங்கி, மறுநாள் கடலூர் தாண்டி, தரங்கம்பாடிக் கோட்டை முற்றத்தில் காபி குடித்து, பிற்பகலில் உன் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பழைய விளக்கு இப்போது எரிவதில்லை. தள்ளி வேறொன்று கட்டிவிட்டார்கள். கோபுரம் மட்டும் காரை பெயர்ந்து நின்றது. நீ அதற்கு நேரே நிற்கவில்லை. கடலைப் பார்த்து நின்று, கோபுரத்தைக் கண்ணின் ஓரத்தில் வாங்கிக்கொண்டாய். கண்டுகொண்டாய் என்பது உன் தோள் தளர்ந்ததில் தெரிந்தது.

"வீடு இருக்கா?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். சுனாமி அலை வந்த வருஷமோ அதற்கு முன்போ, சுவர்கள் போய்விட்டிருந்தன. வழியெல்லாம் உனக்குக் கண்ணாக இருந்துவிட்டு, அந்த இடத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வீடு இல்லை. தரை இருக்கிறது" என்றேன்.

"தரை போதும்."

சிவப்புக் காவித் தரை. வெடிப்புகளில் அடப்பங்கொடி ஏறியிருந்தது. வெறுங்காலோடு அதில் ஏறினாய். காலால் தடவி, "இது கூடம்" என்றாய். "இங்க ஒரு படி இறங்கும், பாரு" என்றாய், இறங்கியது. "இது அடுப்படி. இங்கதான் என்னைப் பெத்தா அம்மா. அப்பா மேல இருந்தார். விளக்கை விட்டுட்டு எறங்கி வர முடியாதே." சொல்லிக்கொண்டே மூலையைத் தாண்டி வேகமாக நடந்தாய். அந்தப் பக்கத்தில் புல் மறைத்த ஒரு கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாமல், வாயைத் திறந்து கிடந்தது.

"நில்!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. தூரத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை ஓடி வந்தார். நீ நின்றிருந்தாய். என் சத்தத்துக்கு முன்பே நின்றுவிட்டாய் என்று நினைக்கிறேன். "கிணறுதானே? எனக்குத் தெரியும்டி. அம்மா ஓயாம சொல்லிட்டே இருப்பா" என்று சிரித்தாய். நான் உன் அம்மாவின் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும்போது பின்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். காரைக்கால் வருவதற்குள் உன் தலை என் தோளில் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. என் கணவர் போன பிறகு வீட்டில் எனக்குத் தூக்கம் கிடையாது. அத்தனை வருஷமும் உன் பக்கத்து சீட்டில், முட்டுக்காடு தாண்டினால் தூங்கிவிடுவேன். உனக்குக் கடற்கரைச் சுற்றுலாவில் பைத்தியம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ என்னைத் தூங்க வைக்கத்தான் கார் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

"நீ பாத்துக்கோ சரோ" என்று கண்ணைத் திறக்காமல் சொன்னாய்.

பார்த்துக்கொண்டேன். ஏழுமலையின் தோளுக்கு மேலாக அடையாறு வரும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் நீ உன் படுக்கையிலேயே, தூக்கத்தில் போய்விட்டாய். உன்னால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக நான் இன்றும் கைகூப்புகிறேன்.

நேற்று உன் தம்பி மகன் கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை உன் காரில் மாமல்லபுரம் வரை கூட்டிப்போவதாகச் சொன்னான். "நீங்க பாட்டுக்கு ஹாயா தூங்கிட்டு வாங்க ஆன்ட்டி, வந்ததும் எழுப்பறேன்" என்றான். நல்ல பையன், நன்றாக ஓட்டுவான், கண்ணும் சரியாக இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தூங்கமாட்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. சாலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கினாய். திரும்ப வாங்கிக்கொள்ள நீ எழுந்திருக்கவில்லை.